சிட்சையும் சிக்ஷயும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆனி மாதம், மழை விட்டிருந்த நேரம் பார்த்து, விடியக்காலை நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் விளையில் பால் வெட்டப் போனவன், சரிவில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டேன். ஆபரேஷன், உள்ளே கம்பி, அஞ்சு மாசம் படுக்கை. எங்கள் வீடு களியக்காவிளைக்குப் பக்கம், ஒரு காலை எடுத்து வைத்தால் கேரளா. படுத்தவனுக்கு இரண்டு ஸ்டேட்டும் ஒன்றுதான்.

பார்க்க வந்த சபையார் எல்லாரும் ஜெபம் பண்ணினார்கள், பழம் கொண்டுவந்தார்கள், நன்றி. ஒருவர் மட்டும் கட்டிலருகே உட்கார்ந்து வேதாகமத்தில் எபிரெயர் 12-ஐ எடுத்து, "கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து" (சிட்சிப்பது என்றால் கண்டித்துத் திருத்துவது) என்று வாசித்துவிட்டு, யோசிச்சுப் பாருங்க, எங்கேயாவது தப்பு நடந்திருக்கும் என்றார். அன்று ராத்திரி காலைவிட அந்தப் பேச்சுதான் அதிகம் வலித்தது. பிறவிக் குருடனைப் பார்த்து இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் பாவமும் இல்லை, பெற்றவர்கள் பாவமும் இல்லை என்று இயேசு சொன்னது யோவான் 9-இல் இருக்கிறது. அதை ஏன் யாரும் கட்டிலருகே வாசிப்பதில்லை?

எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மச்சி தன் மலையாள வேதாகமத்தில் அதே வசனத்தைக் காட்டினார். அங்கே 'சிக்ஷிக்குந்நு', அடுத்த வரியில் நேராகவே 'தல்லுந்நு', அதாவது அடிக்கிறார். மலையாளத்தில் சிக்ஷ என்றால் கோர்ட்டில் ஜட்ஜ் விதிக்கிற தண்டனை. அதே சொல் இந்திக்காரனுக்குப் படிப்பு. மூல வார்த்தையான சமஸ்கிருத சிக்ஷாவுக்கும் கற்பித்தல் என்றுதான் பொருள். கிரேக்கத்தில் இந்த இடத்தில் இருப்பது பைதேயா, பிள்ளையை வளர்த்துப் பழக்குவது, அதில் கண்டிப்பும் சேர்த்தி. நம் சிட்சை தண்டனைக்கும் கற்பித்தலுக்கும் நடுவில், எங்கள் ஊர் மாதிரியே எல்லையில் நிற்கிற சொல்.

11-ஆம் வசனத்தில் எந்தச் சிட்சையும் தற்காலத்தில் துக்கமாய்க் காணும், ஆனால் "அதில் பழகினவர்களுக்கு" பின்பு பலன் தரும் என்று வருகிறதே, அந்தப் 'பழகினவர்களுக்கு' கிரேக்கத்தில் ஜிம் என்கிற வார்த்தையின் வேரிலிருந்து வந்தது. இது தெரிந்தபோது சிரித்துவிட்டேன். ஏனென்றால் தினமும் ஒரு பிசியோ தம்பி வந்து, "அண்ணே, இன்னும் பத்து தடவை தூக்குங்க" என்று என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். விழுந்ததால் கால் பலப்படவில்லை. கண்ணில் தண்ணீர் வர நாள்தோறும் தூக்கியதால்தான் பலப்பட்டது.

ஜெபமும் அப்படித்தான் ஆயிற்று. பால் வெட்டுகிறவனுக்கு மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும், எழுந்து போக இடமில்லை, சரி என்று வேதாகமத்தில் உள்ள 150 சங்கீதப் பாடல்களில் தினமும் ஒன்று வாசித்தேன். பல நாள் எந்த உணர்ச்சியும் கிடையாது. 88-ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமலே முடிகிறது, அன்றைக்கு அதுதான் எனக்குத் துணை. "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது" என்கிற 119 வந்தபோது அதை முழு மனதோடு சொல்ல முடியவில்லை, வாசித்து மட்டும் வைத்தேன். 150 முடிந்தபோது கம்பை ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தேன்.

அப்புறம் திருநெல்வேலிக்குப் போகும்போது பஸ் ஆரல்வாய்மொழியைத் தாண்டியது. கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக்கொன்ற காற்றாடிமலை அங்கேதான். 1745-இல் ஞானஸ்நானம், 1749-இல் கைது, 1752 ஜனவரி 14-இல் மரணம், 2022-இல் புனிதர் பட்டம். நாங்கள் சி.எஸ்.ஐ. என்கிற புரொட்டஸ்டன்ட் சபை, புனிதர்களிடம் வேண்டுகிற பழக்கம் இல்லை, ஆனாலும் அந்த மலையைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும். எல்லாரும் அந்தக் கடைசி நாளைத்தான் பேசுகிறோம். எனக்கோ நடுவில் போன அந்த மூன்று வருஷத்தில் ஒன்றுமே நடக்காத ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, விலங்கோடு கண்விழித்து அவர் எப்படி ஜெபித்திருப்பார் என்பதுதான் யோசனையாக இருந்தது.

இப்போது சாய்ந்து சாய்ந்து நடக்கிறேன், விளைக்கும் போகிறேன். போன வாரம் அம்மச்சி வழியில் பார்த்து, "மோனே, சிக்ஷ கழிஞ்ஞோ?", அதாவது தண்டனை முடிஞ்சுதா என்று கேட்டார்.

"எங்க அம்மச்சி, இப்பத்தான் ஒண்ணாங் கிளாஸ்" என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, சிரித்துக்கொண்டே மீன்காரன் பின்னால் போய்விட்டார்.