தம்பியின் விலாசம்

வெள்ளி, ஜூலை 19, 2024

ஆடி முதல் வெள்ளி. கோயிலுக்குக் கொடுக்கக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில், இதைப் 'பாரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். மூன்றரை மணி இருக்கும். தம்பி மனைவி எட்டு மாத வயிற்றோடு பின்வாசல் வழியாக ஓடிவந்தாள். காலில் செருப்பு இல்லை. "அக்கா, போலீஸ்" என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

தம்பி வேலை பார்க்கும் மோட்டார் சாமான் கடையில் ஆறு பேட்டரிகளைக் காணோமாம். விலை பதின்மூன்றாயிரம் ராண்ட். ஸ்டோர் சாவி மூன்று பேரிடம் இருக்கிறது. அழைத்துப் போனது அவனை மட்டும்.

நானும் இவரும் சார்ஜ் ஆபீசுக்கு, அதாவது போலீஸ் ஸ்டேஷனுக்கு, போனோம். சின்னத் திருட்டென்றால் போலீசே ஜாமீன் கொடுக்கலாம். ஆனால் பொருளின் மதிப்பு 2,500 ராண்டைத் தாண்டிவிட்டால் அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லையாம். இவருடைய சிநேகிதர் மூலம் ஒரு லாயரம்மா கிடைத்தார். 20,000 ராண்டுக்கு உட்பட்ட திருட்டென்றால், கோர்ட்டுக்குப் போகும் முன்பே அரசு வழக்கறிஞர் ஜாமீன் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று அவர் சொன்னார். இரவு ஒன்பது மணிக்குப் போனில் பேசியும் பார்த்தார். "இந்தியப் பாஸ்போர்ட். விலாசம் சரிபார்க்கவில்லை. கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கூழ் அடிப்பிடித்துக் கிடந்தது.

சனி, ஜூலை 20

கைதான ஒருவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்பது இங்கே அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது, 35-ஆவது பிரிவில். அப்படியானால் ஞாயிறு மாலை வெளியே வந்துவிடுவான் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். லாயரம்மா அந்தக் கணக்கைத் திருத்தினார். கெடு விடுமுறை நாளில் முடிந்தால், அடுத்த கோர்ட் நாள் முடிவதற்குள் நிறுத்தினால் போதும். அதாவது திங்கள். வெள்ளி மதியம் பிடிபட்டவனுக்கு மூன்று இரவு லாக்கப்.

டாலஸில் இருக்கும் பெரியம்மா மகன் போன் பண்ணினார். "பாண்ட் ஏஜெண்டைப் பாரும்மா. ஜாமீன் பணத்தில் பத்து சதவீதம் கட்டினால் மீதியை அவன் பார்த்துக்கொள்வான்" என்றார். அவர் ஊரில் அதுதான் வழக்கம். இங்கே அப்படி ஒரு தொழிலே கிடையாது. முழுப் பணத்தையும் நாமே ரொக்கமாகக் கட்ட வேண்டும். வழக்கு முடிந்ததும் முழுசாகத் திரும்பி வரும். எதிராகத் தீர்ப்பானாலும் சரி, அவன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்திருந்தால் பணம் நமக்குத்தான்.

கம்பளியும் ரொட்டியும் கொடுத்துவிட்டு வந்தோம். ஜூலைக் குளிர். ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். "அக்கா, நான் எடுக்கலை" என்று ஆரம்பித்தான். வழக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று லாயரம்மா சொல்லி அனுப்பியிருந்ததால், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன். அவன் சொல்ல வந்ததை நான் நிறுத்தியது ராத்திரியெல்லாம் நெஞ்சை அறுத்தது. என் தம்பி எடுக்கவில்லை. அதை அவன் வாயால் கேட்டுத்தான் நான் நம்ப வேண்டும் என்பதில்லை.

ஞாயிறு, ஜூலை 21

இன்று முழுக்கக் காகிதம். கல்யாணச் சான்றிதழ், அவனுடைய விசா, தம்பி மனைவியின் அடையாளப் புத்தகம், ஆஸ்பத்திரி அட்டை, இவர் பெயரில் வரும் கரண்ட் பில். தம்பியும் அவளும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங்கில்தான் இருக்கிறார்கள். எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் பல வீடுகளுக்கு இப்படிப் பின்கட்டு உண்டு. மூன்று வருஷமாக அங்கே இருக்கிறான், ஆனால் அவன் பெயருக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை. பில் எல்லாமே எங்கள் பெயரில். "அவன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான், வழக்கு முடியும்வரை இருப்பான்" என்று இவர் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, போலீசிலேயே சத்தியம் செய்து முத்திரை வாங்கினார். அதற்குக் கட்டணம் இல்லை.

என் தமிழ் வகுப்புக்கு இன்று இரண்டு பிள்ளைகள் வரவில்லை. காரணம் நானாக யூகித்துக்கொண்டது, ஒருவேளை தப்பாகவும் இருக்கலாம். ஆனால் கோயில் வாசலில் ஒரு அம்மா, "பிடிச்சிட்டாங்களாமே" என்றார், தீர்ப்பே வந்துவிட்ட மாதிரி. ஜாமீன் என்பது குற்றத்துக்கான தீர்ப்பு இல்லை அம்மா, கூப்பிட்ட அன்றைக்கு வருவானா என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி என்று நின்று விளக்கினேன். எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

திங்கள், ஜூலை 22

காலை எட்டிலிருந்து கோர்ட் வராந்தாவில் காத்திருந்தோம். பன்னிரண்டரைக்குத்தான் அவன் பெயர் வந்தது. கீழே இருந்து படியேறி வந்தவன் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றான். பெல்ட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஷூவில் லேஸும் இல்லை. மாஜிஸ்திரேட் கேட்டதற்குப் பதில் சொல்லும்போதுகூட அந்தக் கையை எடுக்கவில்லை. மூன்று நாளில் இடுப்பு இளைத்துவிட்டதா, இல்லை, பெல்ட் இல்லாமல் நிற்காத கால்சட்டையா? அந்த நேரத்தில் என் மனசு இதைத்தான் யோசித்தது.

விலாசத்தைச் சரிபார்க்க அரசு வழக்கறிஞர் அவகாசம் கேட்டார். ஜாமீன் விசாரணையை ஒரு தடவைக்கு ஏழு நாள்வரை தள்ளலாம். வெள்ளிக்குத் தள்ளினார்கள். அதுவரை வெஸ்ட்வில் சிறை.

தம்பி மனைவி அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவனுடைய சட்டைகளையெல்லாம் எடுத்துத் துவைத்தாள்.

செவ்வாய், ஜூலை 23

லாயரம்மா விசாரணை அதிகாரிக்கு மூன்று தடவை போன் பண்ணினார். வேறொன்றும் நடக்கவில்லை.

புதன், ஜூலை 24

விசாரணை அதிகாரி பதினோரு மணிக்கு வந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசவில்லை. பின்கட்டுக் கதவைத் திறந்து காட்டினேன். கட்டில், அதன் பக்கத்தில் இன்னும் பிரிக்காத தொட்டில் பெட்டி, சுவரில் கல்யாணப் படம். கொடியில் ஒன்பது ஆம்பளைச் சட்டைகள். அவர் அந்தக் கொடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டு, "இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். தாத்தா அவர்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு, "தம்பிதான். சனிக்கிழமை என் புல்லெல்லாம் அவன்தான் வெட்டுவான்" என்றார். தாத்தா 'தம்பி' என்று சொன்னது தமிழில், மற்றதெல்லாம் ஆங்கிலத்தில். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கரண்ட் பில் சொல்லாததைக் கொடியும் தாத்தாவும் சொல்லிவிட்டார்கள்.

வியாழன், ஜூலை 25

மூவாயிரத்திலிருந்து ஐந்தாயிரம்வரை கையில் வைத்திருங்கள் என்றார் லாயரம்மா. இவருடைய சித்தப்பா மகன் பணத்தோடு வந்தார். தானே போய்க் கட்டுவதாகவும் சொன்னார். பெரிய மனசுதான். ஆனால் ஒரு நிபந்தனை: "அவன் ஓடிட்டான்னா நஷ்டத்தை நீங்க ஈடு கட்டணும், எழுதிக் கொடுங்க."

லாயரம்மாவிடம் கேட்டேன். நல்லவேளை கேட்டேன். 1977-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 69-ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது. வேறொருவருக்காக ஜாமீன் பணம் கட்டலாம். ஆனால் பணம் போனால் யாராவது ஈடு செய்வார்கள் என்றோ, கட்டுவதில் அவருக்கு லாபம் கிடைக்கும் என்றோ பணம் வாங்கும் அதிகாரிக்குத் தோன்றினால் வாங்கவே கூடாது. டாலஸ்காரர் சொன்ன ஏஜெண்ட் இங்கே இல்லாததற்குக் காரணம் இதுதான். போனால் தனக்கு வலிக்கும் என்ற நிலையில் இருப்பவர்தான் கட்ட வேண்டும். எனக்கு இந்தச் சட்டம் பிடித்திருக்கிறது.

அந்த அண்ணனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, அம்மா போட்ட வளையல் இரண்டையும் அடகுக் கடையில் வைத்தேன். 4,200 ராண்ட் கிடைத்தது.

வெள்ளி, ஜூலை 26

இரண்டாம் ஆடி வெள்ளி. கூழ் காய்ச்சவில்லை.

தம்பியின் பிரமாணப் பத்திரத்தை லாயரம்மா வாசித்தார்: மனைவி, பிறக்கப்போகும் பிள்ளை, விலாசம், முன் வழக்கு எதுவும் இல்லை, பாஸ்போர்ட்டை ஒப்படைக்கத் தயார். விசாரணை அதிகாரி எழுந்து, விலாசம் சரி, ஜாமீனுக்குத் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அதற்குப் பிறகு பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. 3,000 ராண்ட். திங்களும் வெள்ளியும் போலீசில் கையெழுத்து. சாட்சிகளிடம் பேசக்கூடாது. அடுத்த வாய்தா ஆகஸ்ட் 30. வராமல் போனால் வாரண்ட் வரும், ஜாமீன் தற்காலிகமாக ரத்தாகும், பதினாலு நாளுக்குள் தகுந்த காரணம் காட்டாவிட்டால் பணமும் போய்விடும். மாஜிஸ்திரேட் இதை நிதானமாகச் சொல்லி, புரிந்ததா என்று இரண்டு தடவை கேட்டார்.

காசாளர் ஜன்னலில் வரிசை. என் அடையாள அட்டையையும் வழக்கு எண்ணையும் கொடுத்து, நோட்டுகளை எண்ணிக் கொடுத்தேன். ரசீது வந்ததும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்தேன். என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. கட்டியவருக்கோ குற்றம் சாட்டப்பட்டவருக்கோதான் பணம் திரும்பக் கொடுப்பார்கள் என்பதால் திருத்தித் தரச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், நான் நகரவில்லை. யாராவது இந்த ஜன்னலில் நிற்க நேர்ந்தால் தயவுசெய்து ரசீதைப் படியுங்கள். அப்புறம் பத்திரமாக வையுங்கள், வழக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

மூன்றே முக்காலுக்கு வெளியே வந்தான். ஒரு கையில் பெல்ட்டும் லேஸும் ஒரு பிளாஸ்டிக் பையில். மனைவி அதை வாங்கி, படியில் உட்காரவைத்து, அந்த வயிற்றோடு குனிய முடியாமல் குனிந்து லேஸைக் கோத்தாள். "நானே போட்டுக்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தான். விடவில்லை.

ராத்திரி ரசச்சாதம் மூன்று தட்டு சாப்பிட்டான். ரசீது மாரியம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

திங்கள், ஜூலை 29

கடை வேலை போய்விட்டது, கடிதம் வந்திருக்கிறது. அதற்குத் தனியாகப் போராட வேண்டும்.

காலை ஏழரைக்கு முதல் கையெழுத்து. நானும் கூடப் போனேன். புத்தகத்தில் பெயர், தேதி, விலாசம் என்று மூன்று கட்டம். விலாசத்தை எங்கள் வீட்டு எண்ணோடு, தெருப் பெயரோடு, ஒரு எழுத்து விடாமல் நிதானமாக எழுதினான். திரும்பி வரும்போது மருந்துக்கடை வாசலில் நின்று, "அக்கா, கரண்ட் பில்லை என் பேருக்கு மாத்த முடியுமா?" என்று கேட்டான். இவரிடம் கேட்கிறேன் என்றேன்.