ஒன்பதாவது வெள்ளி

எங்கள் வீட்டுத் திரு இருதய ஆண்டவர் படத்தின் கண்ணாடி 2025 தவக்காலத்தில் விரிசல் விட்டது. மாற்றலாமென்று சட்டத்தைக் கழற்றியபோதுதான் பின்னட்டையைப் பார்த்தேன். அம்மா பென்சிலால் ஒன்பது வட்டம் போட்டு வைத்திருந்தாள். எட்டு வட்டத்துக்குள் சின்னச் சின்னதாய்ச் சிலுவை. ஒன்பதாவது வெறுமனே இருந்தது.

அது வெறுமனே கிடக்க நான்தான் காரணம்.

அம்மாவுக்கு நல்மரணம் வேண்டும் என்று ஒரே ஆசை. அதற்காக ஒன்பது முதல் வெள்ளி நேர்ந்துகொண்டாள்: ஒரு மாசமும் விடாமல் ஒன்பது மாசம், மாசத்தின் முதல் வெள்ளியன்று பூசை கண்டு நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவது. அதையும் சிவகங்கை மாவட்டத்து இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் சந்நிதியிலேயே முடிக்க வேண்டும் என்றாள். அவளுடைய அம்மா சிறு வயதில் கையைப் பிடித்துக் கூட்டிப்போன கோயில் அது. 2018 ஆகஸ்டில் ஆரம்பித்தோம். அம்மாவுக்கு 74 வயது. மாசா மாசம் அரை நாள் லீவு போட்டு நான்தான் கூட்டிப் போவேன். மார்ச் முதல் தேதியோடு எட்டு முடிந்தது. ஒன்பதாவது ஏப்ரல் 5. நான் வேலை பார்ப்பது மதுரை தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக் கடையில், கணக்கு எழுதும் வேலை. வருஷ முடிவு நேரம், இருப்புக் கணக்கு முடியவில்லை. முதலாளி லீவு தர மாட்டேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை.

"அடுத்த மாசம் போகலாம்மா, ஆண்டவர் எங்கயும் போயிற மாட்டாரு" என்று எரிச்சலோடு சொன்னேன். மாசம் விடாமல் ஒன்பது என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னேன். அம்மா "சரி பாப்பா" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலம் யாரையும் எழுப்பாமல் குளிக்கப் போயிருக்கிறாள். இடைக்காட்டூர் இல்லாவிட்டாலும் ஞானஒளிவுபுரம் வளனார் கோயிலில் காலைப் பூசை பார்த்து நன்மை வாங்கிவிடலாம் என்ற எண்ணம். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தும் அதற்குப் பிறகு அவள் எழுந்து நடக்கவில்லை. 2020 ஜூலையில் போய்ச் சேர்ந்தாள்.

அம்மா விழுந்ததிலிருந்து நான் கோயிலுக்குப் போகாமல் இல்லை. ஞாயிறு தவறாமல் போவேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன், நன்மைக்கு எல்லோரும் எழும்போது நான் எழ மாட்டேன். ஆறு வருஷம். பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற, வரிசையில் நின்றுவிட்டு என் முறை வரும்போது வெளியே வந்துவிடுவேன். தாய்க்கும் அவள் ஆண்டவருக்கும் நடுவே குறுக்கே நின்றவள் எந்த முகத்தோடு கை நீட்டுவது?

படத்துக்குப் பின்னால் அந்த வட்டத்தைப் பார்த்த பிறகு இருப்புக்கொள்ளவில்லை. ஜூன் திரு இருதய மாதம். போதாக்குறைக்கு 2025 யூபிலி ஆண்டு. பழைய ஏற்பாட்டில் ஐம்பதாம் ஆண்டு எக்காளம் ஊதினால் விற்ற நிலம் உரியவனிடம் திரும்பும், அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்புவான் என்று லேவியர் ஆகமம் சொல்கிறதே, அதை எங்கள் பங்குச் சாமி பிரசங்கத்தில் சொன்னது மனசிலேயே கிடந்தது. அம்மாவின் பாக்கியை நான் ஒன்றிலிருந்து ஆரம்பித்து ஒன்பது வரை கட்டி முடிக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு, ஜூன் 6 முதல் வெள்ளியன்று மாட்டுத்தாவணியில் மானாமதுரை பஸ் ஏறினேன்.

சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி தாண்டி முத்தனேந்தலில் இறங்கினால் ஆட்டோக்காரர் இருநூற்று ஐம்பது கேட்டார். முதல் வெள்ளி ரேட்டாம். ஆண்டவர் நாளைச் சொல்லி ஆண்டவரைத் தேடி வருகிறவர்களிடமே பிடுங்குவது எந்த நியாயம்? நடந்தே போனேன். வைகைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் செருப்பு வார் அறுந்தது. தார் ரோடு கொதித்தது. சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ரோட்டோரப் புல் இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். பாலத்தில் அம்மா எப்போதும் ஆட்டோவை நிறுத்தச் சொல்வாள். எட்டிப் பார்த்து "தண்ணி வருதா பாப்பா" என்பாள். நானும் எட்டிப் பார்த்தேன். மணலும் சீமைக்கருவேலமும்தான். அங்கே நின்று முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன்.

கோயில் வாசலில் ஒருவன் வழிமறித்து, இங்கே மெழுகுவர்த்தி வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள் என்று கூசாமல் பொய் சொன்னான். உள்ளே வேன் வேனாகக் கூட்டம். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வந்த ஜோடி ஒன்று கோபுரத்துக்கு அடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது, தலைக்குமேல் கேமரா விர்ரென்று பறந்தது. அழகான கோயில்தான், மறுக்கவில்லை. பிரான்சில் மன்னர்களுக்கு முடிசூட்டிய ரீம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து ஃபெர்டினாண்ட் செல் சாமி 1894இல் இந்தக் கிராமத்தில் கட்டி எழுப்பிய கோயில். ஆனால் அவர் அதைப் படம் பிடிக்கவா கட்டினார்?

பாவசங்கீர்த்தன வரிசையிலும் தள்ளுமுள்ளு. என்னைத் தாண்டி மூன்று பேர் போனார்கள். நான்காவது ஆளை விடவில்லை. முழங்காலில் நின்றதும் தொண்டை அடைத்தது.

"அம்மாவோட ஒன்பதாவது வெள்ளியை நான் கெடுத்துட்டேன் சாமி" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே வரிசை முணுமுணுத்தது, சாமி அவசரப்படவே இல்லை. வயதானவர். கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"படுக்கையில கிடந்தப்ப அம்மாவுக்கு யாரும் நன்மை கொண்டுவந்து குடுத்தாங்களாம்மா?"

"குடுத்தாங்க சாமி. எங்க பங்குல நோயாளிங்களுக்கு வீட்டுக்கே கொண்டு வருவாங்க."

"என்னைக்கு?"

"முதல் வெள்ளிதான்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். சாமி மெதுவாகக் கேட்டார்: "எத்தனை முதல் வெள்ளி?"

விரல் விட்டு எண்ணினேன். 2019 மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். கை நடுங்கியது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். ஜனவரி 3. அதற்கப்புறம் பிப்ரவரி, மார்ச்சும் உண்டு. பிறகுதான் ஊரடங்கு. ஒரு மாசம்கூட விடுபடவில்லை.

இருபத்தாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள். பைசா பிசகினாலும் ராத்திரி உட்கார்ந்து தேடிக் கண்டுபிடிக்கிறவள். இந்தக் கணக்கை ஆறு வருஷமாக நான் கூட்டிப் பார்க்கவே இல்லை. அந்தப் பதினொரு வெள்ளியும் வீட்டில் இருந்து ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்தது யார்? மெழுகுவர்த்தி ஏற்றியது யார்? சாமி வருகிற சத்தம் கேட்டதும் அம்மாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தது யார்? நான்தானே! ஆண்டவர் எங்கயும் போயிற மாட்டாரு என்று சொன்னேன். அவர் படியேறி என் வீட்டுக்கே வந்திருக்கிறார். நான் கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்.

அதோடு நிற்கவில்லை. ஒன்பது வெள்ளி அனுசரிக்கிறவர்கள் நன்மை, அவஸ்தைபூசுதல் போன்ற தேவதிரவிய அனுமானங்களைப் பெறாமல் சாக மாட்டார்கள் என்பதுதானே பிரான்சுக் கன்னியாஸ்திரி புனித மார்கரீத் மரியம்மாளுக்கு ஆண்டவர் தந்த வாக்கு. 2020 ஜூலையில் மதுரையே அடைத்துக் கிடந்தது. கடை இல்லை, பஸ் இல்லை, சாவு வீட்டுக்குக்கூட ஆள் வர முடியாது. அந்த ராத்திரியில் உதவிப் பங்குச் சாமி முகக்கவசத்தோடு பைக்கில் வந்து அம்மாவுக்கு அவஸ்தை பூசினார், அதாவது சாகக் கிடப்பவர்களுக்கான எண்ணெய் பூசி ஜெபித்தார், நன்மையும் கொடுத்தார். இரண்டு நாளில் அம்மா கண்ணை மூடினாள். ஏதோ அதிர்ஷ்டம், சாமிக்கு பாஸ் கிடைத்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே பாவி!

பாவப் பரிகாரமாக என்ன அபராதம் கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன், ரொம்பச் சின்னது. ஒன்றிலிருந்து ஆரம்பித்து அம்மாவின் பாக்கியைக் கட்டுகிறேன் என்று சொன்னதற்கு மட்டும், "பாக்கியே இல்லையேம்மா. வரணும்னு ஆசையா இருந்தா வாங்க" என்றார்.

திருப்பலி எப்படி நடந்தது, யார் பிரசங்கம் வைத்தார்கள், பாட்டு என்ன, எதுவும் எனக்கு நினைவில்லை. பீடத்தின் திரு இருதயச் சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து பார்க்கிற அதே ஆண்டவர்தான். முள்முடி சூழ்ந்த இருதயத்தை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே வைத்துப் பூட்டத் தெரியாதவர்! நன்மைக்கு முன்னால் நாம் எல்லோரும் சொல்கிற ஜெபம் சுவிசேஷத்தில் வரும் நூற்றுவர் தலைவன் என்ற படை அதிகாரி சொன்னதுதான், நீர் என் இல்லத்துக்குள் வர நான் தகுதியற்றவன் என்பது. எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்றுதான் அதில் இல்லம் என்ற சொல் இருப்பதைக் கேட்டேன். எழுந்தேன். செருப்பில்லாத காலில் கொப்புளம், பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு வருஷத்துக்குப் பிறகு நாவில் ஆண்டவர். இயேசுவின் திரு இருதயமே, உமக்குத் தோத்திரம், உமக்குத் தோத்திரம். வேறு ஒரு வார்த்தையும் வரவில்லை.

திரும்பும்போது அந்தக் கூட்டம், தூசி, ஆட்டோ சத்தம் ஒன்றும் உறைக்கவில்லை. கேட்ட காசைக் கொடுத்து ஏறினேன். பாலத்தில் நிறுத்தச் சொல்லி எட்டிப் பார்த்தேன். டிரைவர் தம்பி என்னக்கா என்றான். தண்ணி வருதான்னு பாத்தேன்பா என்றேன்.

திருப்புவனம் வரும்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்த ஜனவரி 3 அன்று சாமி நன்மை கொடுத்துவிட்டுப் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, கொஞ்சம் சேமியா பாயசம் வைக்கிறியா?" என்றாள். கிறிஸ்துமஸ், புது வருஷம் எல்லாம் இப்பத்தானம்மா முடிஞ்சது, இப்ப எதுக்கு என்றேன். "வையேன்" என்று சிரித்தாள். சர்க்கரை இருக்கிறதென்று எனக்குப் பயம். அரை டம்ளர்தான் கொடுத்தேன். ஸ்பூனால் வழித்து வழித்துச் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். அரை லிட்டர் பாலும் ஒரு பாக்கெட் சேமியாவும் வரும்போதே வாங்கி வந்திருந்தேன்.