அது எனக்குத் தெரிஞ்சதுதானே, டீச்சர்

எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் இரண்டே அறைகள்தான். அங்கே இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கடன் வாங்கிக் கழிப்பது நான் சொல்லி ஏறவே இல்லை. 42-இலிருந்து 17-ஐக் கழி என்றால் 35 என்று எழுதுவான். ஏழில் இரண்டு போனால் ஐந்து, நாலில் ஒன்று போனால் மூன்று. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரியதிலிருந்துதான் சின்னதை எடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு தீர்மானம். குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டினேன், தலையாட்டினான், மறுபடியும் 35.

ஒன்றாம் வகுப்பு அதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டது. சரி என்று வழக்கம்போல ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை அவன் பக்கத்தில் உட்கார வைத்தேன். "ரெண்டுல ஏழு போகுமா? போகாதுல்ல. பக்கத்து வீட்ல போய்க் கேளு. ஆனா அந்த வீட்ல ஒண்ணு குறைஞ்சிடும், மறந்துடாத." அவ்வளவுதான் சொன்னாள். அவன் 25 என்று எழுதினான். அடுத்த கணக்கையும் சரியாகப் போட்டான். இதை நான் நேரில் பார்த்தேன் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு வரும் சந்தேகங்களில் இது காணாமல் போய்விடக் கூடாது.

அன்று மாலை அவளுடைய நோட்டைத் திருத்தினேன். இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். பாதியோடு இன்னொரு பங்கைச் சேர்த்தும் பாதியைவிடக் குறைந்துபோனது அவள் கண்ணில் படவில்லை. மறுநாள் கூப்பிட்டுக் காட்டினேன். அப்போதுதான் கேட்டாள்: "அவனுக்கு நான் சொல்லித் தரேன். எனக்கு யார் டீச்சர் சொல்லித் தருவாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டாள். நானும் சட்டென்று, "சொல்லிக் கொடுக்கும்போது நீயும் கத்துக்கற இல்ல?" என்றேன். இந்தப் பதிலை நான் பெற்றோரிடமும் சொல்வேன், பள்ளியைப் பார்வையிட வருபவர்களிடமும் சொல்வேன். வாயில் தயாராக இருக்கும்.

"அது எனக்குத் தெரிஞ்சதுதானே, டீச்சர்" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. ஒன்றும் சொல்லாமல் பின்னக் கணக்கை விளக்க ஆரம்பித்திருப்பேன்.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஐந்து வகுப்பும் இரண்டு அறைக்குள் இருக்கும்போது ஒரு வகுப்பைக் கவனித்தால் இன்னொரு வகுப்பு சும்மா இருக்கும், அல்லது சும்மா இருக்காது. பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லித் தருவது நான் கண்டுபிடித்த குறுக்குவழியும் இல்லை. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளையாக இருந்த மூத்த மாணவன் செய்த வேலைதான் இது. 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் ஆசிரியர்களையும் அப்படிச் செய்யச் சொன்னார். அவர்கள் ஒத்துவரவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அந்த வேலையைக் கொடுத்தார், அவன் செய்துகாட்டினான். பெல் 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பரவியது. படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அது அவ்வளவு வேகமாகப் பரவ முக்கியமான காரணம் செலவு குறைவு. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்திவிடலாம். அந்த எட்டு வயதுப் பையன் அந்த நேரத்தில் என்ன படித்திருக்க வேண்டும் என்று நான் முன்பு யோசித்ததே இல்லை.

மாண்டிசோரி பள்ளிகளிலும் ஆறு முதல் ஒன்பது, ஒன்பது முதல் பன்னிரண்டு என்று வயது கலந்துதான் உட்காருகிறார்கள். அங்கே அது கொள்கை, எங்களுக்கு ஆள் போதாத நிலை. பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்றால், அவளுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

சொல்லித் தருபவருக்கும் பலன் உண்டு என்பது பொய்யில்லை. ஆனால் ராஸ்கோ, சி என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்களின் 2007 கட்டுரை ஒன்று இதை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறது: தெரிந்ததை அப்படியே ஒப்பிப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் சேர்வதில்லை, சொல்லும்போதே தன் புரிதலைக் கிளறிப் பார்ப்பவருக்குத்தான் சேர்கிறது. பத்து வயதுப் பிள்ளை ஒரே வரியில் சொன்னதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. இன்னொரு பக்கம், 'பக்கத்து வீடு' அவளுடைய சொந்தச் சரக்கு. நான் சொல்லித் தந்ததில்லை. அதை யோசித்தபோது அவளுக்குள் எதுவுமே நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

கலந்த வகுப்பில் இன்னொன்றும் உண்டு. மூன்றாம் வகுப்புக்கு நடத்துவதை இரண்டாம் வகுப்புக்காரன் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே கேட்டுவிடுவான், ஒரு வருடம் கழித்து அதை எடுத்தால் "தெரியும்" என்பான். சின்னவர்களுக்கு மேல் வகுப்பு எப்போதும் காதில் விழுகிறது. ஐந்தாம் வகுப்புக்கு மேலே கேட்பதற்கு ஒரு வகுப்பு இல்லை. அந்த வருடம் முழுக்க அவளுக்கு மேலே இருந்தது நான் மட்டும்தான், நானும் பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு காலையில் முதல் வேலையாக ஐந்தாம் வகுப்புக் கணக்கை வைத்தேன். அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். பின்னம் அவளுக்குப் பிடிபட்டது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்திலும் அவள் பாதி கவனத்தை இரண்டாம் வகுப்பின் மேல்தான் வைத்திருந்தாள். பையன் தப்பாகப் போட்டால் இருந்த இடத்திலிருந்தே "டேய், பக்கத்து வீடு" என்பாள். அடக்கினேன், அடங்கவில்லை. அப்படியானால் அவளுடைய கேள்வி என்னதான் கேட்டது? சொல்லித் தர மாட்டேன் என்பதா, என்னையும் கொஞ்சம் பார் என்பதா? கேட்டிருக்கலாம். அவள் பள்ளியை முடித்துப் போய்விட்டாள்.

இப்போதும் பெரியவர்களைச் சின்னவர்களிடம் அனுப்பத்தான் செய்கிறேன். ஒரே மாற்றம், "போறியா?" என்று முதலில் கேட்கிறேன். இதுவரை யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. டீச்சர் கேட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்?