அப்பாவின் நெஞ்செரிவுக் குளிசை

அப்பாவின் நெஞ்செரிவுக்கு வைத்தியர் எழுதித் தந்த துண்டோடு போன மாதம் வெள்ளவத்தையில், காலி வீதியிலுள்ள ஒரு பாமசிக்குப் போயிருந்தேன். அதில் இருந்தது எஸோமெப்ரசோல். அதுவும் ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் வணிகப் பெயரில். இத்தனை காலமும் அவர் குடித்துவந்த, விலை குறைந்த ஒமெப்ரசோலையே தர முடியுமா என்று கேட்டேன். "அது வேற மருந்து அண்ணா, டொக்டர் மாத்தி எழுதினாத்தான் தரலாம்" என்றார் அங்கு நின்ற தங்கச்சி. அவர் சொன்னது முற்றிலும் சரி.

ஒமெப்ரசோல் என்பது, இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று எதிருருவான இரு மூலக்கூறு வடிவங்களின் கலவை. அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்ததே எஸோமெப்ரசோல். அஸ்ட்ராசெனகா நிறுவனத்தின் பிரிலோசெக் என்ற ஒமெப்ரசோலுக்கு அமெரிக்காவிலிருந்த மூலக் காப்புரிமை 2001 இல் முடிவடைந்தது. அதே ஆண்டில் நெக்சியம் என்ற பெயரில் எஸோமெப்ரசோல் அங்கே விற்பனைக்கு வந்தது.

காப்புரிமை முடிந்தால், மற்ற நிறுவனங்களும் அதே மருந்தை அதன் மூலப்பொருளின் பெயரில், அதாவது பொதுப்பெயரில், மலிவாகச் செய்து விற்கலாம். அந்தக் காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பொதுப்பெயர் மருந்து செய்பவர்கள் விளம்பரத்தால் விற்பதில்லை. வணிகப் பெயர் மருந்துக்குப் பதிலாக மருந்தாளர் எடுத்துக் கொடுப்பதாலேயே அவர்களுடைய மருந்து விலைபோகிறது. அமெரிக்காவில் அப்படி மாற்றிக் கொடுப்பதற்கு மூலப்பொருளும் வடிவமும் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். ஆகவே, போட்டி மருந்து வருவதற்குள் நோயாளிகளைப் புதிய வடிவத்துக்கு நகர்த்திவிட்டால், பழைய வடிவத்துக்கு நிகரான மலிவு மருந்து வந்தாலும் அதைக் கேட்டு எழுதப்பட்ட துண்டுகள் மிஞ்சியிருக்காது.

இதன் மிகக் கடுமையான வடிவத்தை நமெண்டா வழக்கில் காணலாம். மறதி நோய்க்கான இந்த மெமன்டின் குளிசை நாளுக்கு இருமுறை எடுப்பது. 2015 ஜூலையில் போட்டி மருந்துகள் வரவிருந்த நிலையில், ஒருமுறை மட்டும் எடுக்கும் கப்சியூலை முன்னிறுத்திய நிறுவனம், பழைய குளிசையை நிறுத்தப்போவதாக 2014 பெப்ரவரியில் அறிவித்தது. நினைவு தடுமாறும் ஒருவருக்கு மருந்தை ஒருமுறை மாற்றிவிட்டால், விலைக்காக மீண்டும் மாற்றக் குடும்பம் துணியாது. நியூயோர்க் மாநிலம் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் 2014 டிசம்பரில், பழைய குளிசையை நிறுத்துவதற்குத் தடை விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2015 மே மாதம் அதை உறுதிசெய்தது.

நோயாளிகளை இப்படி நகர்த்தியதாக நெக்சியம் தொடர்பில் அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கோ 2008 இல் தள்ளுபடியானது: பழைய மருந்து விலக்கப்படவில்லை, புதிய தெரிவொன்றே சேர்ந்தது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. எனக்கு இது போதுமானதாகப் படவில்லை. எழுதுபவரின் கைப்பழக்கம் மாறிவிட்டால், பழைய மருந்து கடையில் இருந்தும் நோயாளிக்கு என்ன தெரிவு?

மருந்துகளைப் பொதுப்பெயரில் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று வலியுறுத்திய மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் நாடு இந்த இலங்கை. ஆனால் எஸோமெப்ரசோலுக்கும் தனிப் பொதுப்பெயர் உண்டு; பொதுப்பெயரில் எழுதச் சொல்லும் விதி இங்கே நம்மைக் காக்காது. பிபிலே அத்தோடு நிற்கவில்லை. 1971 இல் உருவான அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் காலத்தில், நாட்டுக்குள் வரும் மருந்துகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 2,100 இலிருந்து 600 ஆகக் குறைக்கப்பட்டது. இந்த மருந்து அவசியமா என்ற கேள்வி, பெயரைப் பற்றிய கேள்விக்கு முன்பாகவே கேட்கப்பட்டது.

அதே கேள்வியோடு வைத்தியரிடம் திரும்பிப் போனேன். அப்பாவின் பழைய கொப்பியைப் பார்த்துவிட்டு, அவருக்கு முன்னையதே போதும் என்று ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம் எழுதித் தந்தார்.