மயிலின் கழுத்தில் இரட்டைக் கோடு

தேக்குக் கதவில் செதுக்குவதற்காக வாடிக்கையாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மயில் படத்தை நான் முதன்முறையாக இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கோடாக மாற்றியபோது, கழுத்தின் வளைவு ஒரே கோடாக அல்லாமல் இரண்டு இணைகோடுகளாக வந்து நின்றது. பேனாக் கோட்டுக்கும் அகலம் உண்டு என்பதால் மென்பொருள் அதன் இரு கரைகளையும் தனித்தனியே வரைந்துவிடுகிறது. அதைக் கவனிக்காமல், கணினி தரும் கோட்டின்படி மரத்தைச் செதுக்கும் இயந்திரமான சிஎன்சி ரூட்டருக்கு அனுப்பினால், அதன் வெட்டுமுனையான பிட் ஒரே வளைவை இருமுறை அறுத்துவிடும். (நல்லவேளையாக, நான் பாழாக்கியது மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையை மட்டுமே.) நடுக்கோட்டை மட்டும் எடுக்கும் வசதி, 2020இல் வெளியான 1.0 பதிப்பு முதல் அந்த மென்பொருளிலேயே இருக்கிறது.

ஆயினும் படம் மங்கலாக இருந்தால் எந்த வசதியும் கைகொடுக்காது. படக் கோப்பைச் சிறிதாக்கும் ஜேபெக் சுருக்கத்தால் ஓரங்களில் படியும் சாம்பல் புள்ளிகளை நீக்கி, படத்தைத் தூய கறுப்பு வெள்ளையாக்கிய பிறகே நான் கோடெடுக்கிறேன். அப்போதும் தோகையின் ஒரே கண்ணில், பத்துப் பன்னிரண்டு போதுமான இடத்தில், கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் கணுப்புள்ளிகள் நூற்றுக்கும் மேல் வந்துவிடுகின்றன. அவற்றைக் குறைக்காவிட்டால் இயந்திரம் வளைவில் வழுக்கிச் செல்லாமல் திக்கித் திக்கி நகரும். புள்ளிகளை மென்பொருளே தானாகக் குறைப்பது மயிலின் அலகுக் கூர்மையை மழுக்கிவிடுவதால், அந்த இடத்தை மட்டும் கையால் திருத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

3 மி.மீ. பிட் 2 மி.மீ. இடைவெளிக்குள் நுழையாது, உள்மூலைகளையும் 1.5 மி.மீ. ஆரத்துக்கு உருட்டியே விடும். ஆகவே, இறகுகளுக்கிடையேயான சந்துகளை வரைபடத்திலேயே அகலப்படுத்திவிடுகிறேன்.