யாருக்கு எந்தத் துண்டு

கரையில் கிடக்கும் திமிங்கிலத்தின் மேல் கத்தி இறங்குகிறது. எங்கே வெட்டினால் யாருடைய பங்கு என்பது சுற்றி நிற்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இன்று காலை பார்த்த வீடியோ. இந்தோனேசியாவின் லெம்பாட்டா தீவில் உள்ள லாமலேரா கிராமம்.

அங்கே பாரம்பரிய வேட்டைப் படகு தனி ஒருவருடைய சொத்து இல்லை. வம்சாவளியாக வரும் குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கிறார்கள். ஈட்டியோடு கடலில் பாய்ந்தவருக்குப் பங்கு உண்டு, துடுப்புப் போட்டவர்களுக்கு உண்டு. சரி, அது எங்கும் இருப்பதுதான். ஆனால் அன்று கடலுக்கே போகாத தச்சருக்கும், ஈட்டி முனை அடித்த கொல்லருக்கும், பாய்மரத்துக்குப் பாய் முடைந்தவருக்கும் உண்டு. என்றோ செய்த வேலை இன்றும் சோறு போடுகிறது. இதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பங்கு வீட்டுக்கு வந்ததும் பெண்கள் கைக்குப் போகிறது. காயவைத்த இறைச்சியைத் தலையில் சுமந்து போய், மலை ஊர்க்காரர்களிடம் சோளமும் வாழைப்பழமும் மாற்றி வருகிறார்கள். லாமலேரா நிலம் பாறை, அதில் பெரிதாக எதுவும் விளையாது.

அந்தப் பெரிய உயிர் சாவதைப் பார்க்க எனக்கு வலிக்கிறது. ஆனாலும் பகிரும் அந்த முறையின் மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

இப்போது மோட்டார் படகுகள் வந்துவிட்டன. மோட்டாருக்கும் பெட்ரோலுக்கும் காசு போட்டவருக்கு எவ்வளவு பங்கு? தாத்தாக்கள் சொல்லிவிட்டுப் போன கணக்கில் அது இல்லை. அந்த ஊர்தான் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும், வெளியில் இருந்து போகும் யாரும் அல்ல.