1305 படியும் ஒரு யூனிட் கரண்ட்டும்

ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து சோளிங்கர் மலைக்கோயிலுக்குப் போயிருந்தோம். ரோப் கார் இருக்கிறது. ஆனாலும் நடந்தேதான் ஏறணும் என்று ஒன்பதாவது படிக்கும் மகள் ஒரே அடம். பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தால், "இப்ப உன் நிலை ஆற்றல் எவ்வளவுப்பா?" என்கிறாள். உயரம் ஏற ஏற உடம்பில் சேருகிற ஆற்றலைக் கேட்கிறாள். வேர்வை துடைக்கவே நேரமில்லை, இதில் கணக்கு வேறு.

சரி, மேலே போய்ப் போட்டுப் பார்த்தோம். 1305 படி, படிக்கு அரை அடி என்று வைத்தால் கிட்டத்தட்ட 200 மீட்டர். என் எடை 70 கிலோ. இரண்டையும் பெருக்கி, அதைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்கினால் சுமார் 1,37,000 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு). ஆகா என்றிருந்தது. அப்புறம்தான் கரண்ட் பில் ஞாபகம் வந்தது. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். இந்த மலையை 26 தடவைக்கு மேல் ஏறினால்தான் ஒரு யூனிட்! ராத்திரி முழுக்க ஏசி போட்டுத் தூங்குகிற ஆள் நான்.

காலையில் தின்ற இட்லியின் வேதி ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் தசை வேலையாக மாற்றும். மீதி வெப்பம். சட்டை நனைந்தது அதனால்தான். நம்ம ஊர் வெயிலின் பங்கு தனி.

இறங்கும்போது அடுத்த கேள்வி. "ஏறிச் சேர்த்ததெல்லாம் எங்கப்பா போச்சு?" பந்து என்றால் உருண்டு வேகமெடுக்கும், அது இயக்க ஆற்றல். நாம் படிக்குப் படி பிரேக் போடுகிறோம், தொடையில் வெப்பமாகவே கரைகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த தேங்காய் மூடியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டது. அதில் எத்தனை ஜூல் போச்சு என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.